கண்ணில் படக் கூடாத குழாய்கள்

எக்கேஹார்ட் வேர்னருக்கு எழுபது நிறையப் போகிறது. அந்த ஊரில் எழுபது நிறைந்தவர் வீட்டுக்கு மேயரே நேரில் வந்து பரிசுக்கூடை கொடுத்துக் கைகுலுக்கிவிட்டுப் போவார். கை குலுக்கும்போது மேயர் தப்பித் தவறி அண்ணாந்து பார்த்துவிட்டால் என்ன ஆவது என்பதுதான் எக்கேஹார்டின் கவலை.

விருந்து கராஜில். நவம்பர் மாதச் சேற்றுக் காலணிகளை வரவேற்பறைக் கம்பளத்தில் ஏறவிடும் அளவுக்கு அந்தத் தெருவில் யாருக்கும் புத்தி பேதலித்துவிடவில்லை. காரை வெளியே தள்ளி, தரையைக் கழுவி, நின்றபடி சாப்பிட உயரமான மேசைகளைப் போட்டால் கராஜே மண்டபம். ஆனால் கூரையை ஒட்டி இரண்டு வெந்நீர்க் குழாய்கள் ஓடின. கொதிகலன் அறையில் புறப்பட்டு, தோட்டத்துப் பக்கம் பிற்பாடு கட்டிய அறைக்குச் சூடு கொண்டுபோகிறவை. சூடு வீணாகாமலிருக்கத் தடித்த உறை போட்டு, மேலே வெள்ளித்தாள் சுற்றியிருந்தது. பார்ப்பதற்கு ஆஸ்பத்திரியின் அடித்தளம் போல இருப்பதாக எக்கேஹார்ட் பல வருடங்களாகச் சொல்லி வந்தார்.

உறையைக் கழற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மறைக்கக் கூடாது என்று சட்டம் இல்லை. எக்கேஹார்ட் உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டம் வாய் திறக்காத இடங்களில் எல்லாம் தாமே சட்டமாக நின்று பழகியவர். குழாய்களை மரப்பலகையால் பெட்டி கட்டி மூடுவதென்று காலை உணவின்போது தீர்ப்பு வந்தது.

அவர் மனைவி கெர்லிண்டே கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டாள். அந்தக் குழாய்களைப் போட்டது அவர்களுடைய ஒரே மகன் யோகென். அப்பாவின் பள்ளியிலேயே படித்து, பாதியில் அதை உதறிவிட்டு, வீட்டுக்கு வீடு வெந்நீர்க் குழாய் பதிக்கிற தொழிலில் பயிற்சிக்குச் சேர்ந்தவன். தொழில் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் தனியாக நின்று முடித்த முதல் வேலை அது. வளைவுகளில் வெள்ளித்தாளைத் தையற்காரன் சட்டைக் கையைத் திருப்புவது போலச் சுருக்கமில்லாமல் மடித்திருப்பான். துணைத் தலைமையாசிரியரின் பிள்ளை குழாய் வேலைக்குப் போனதை எக்கேஹார்ட் இன்றுவரை வாயால் சொன்னதில்லை. யாராவது கேட்டால், மகன் எரிசக்தித் துறையில் இருக்கிறான் என்பார். கேட்டவர்கள் எண்ணெய்க் கிணறு என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டுவார்கள். ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் மகனை வைத்துக்கொண்டே அப்படிச் சொல்லப்போக, யோகென் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போனவன்தான். வருடங்கள் ஓடிவிட்டன. வீட்டுப் பக்கம் வரவில்லை.

அவனை இந்தப் பிறந்தநாளுக்கு வரவழைத்தது கெர்லிண்டே. எப்படி வரவழைத்தாள் என்பதில்தான் சிக்கல். தொலைபேசியில் அவன் பிடி கொடுக்காமல் பேசியபோது, அப்பா மாறிவிட்டார், கராஜுக்கு யார் வந்தாலும் உன் குழாயைக் காட்டி ‘என் பையன் போட்டது’ என்று சொல்கிறார் என்று ஒரு பொய்யை எடுத்து விட்டாள். அதைக் கேட்டபிறகுதான், வருகிறேன் என்றான்.

அதனால் வாதாடிப் பார்த்தாள்.

“பெட்டியெல்லாம் எதுக்கு எக்கேஹார்ட்? சுவர் கலர்லயே பெயிண்ட் அடிச்சு விட்டா போதாதா?”

“பெயிண்ட் அடிச்சா மட்டும் குழாய் சித்திரமாயிடுமா?”

“யோகென் போட்டதாச்சே.”

“அதனாலதான் சொல்றேன்.”

தான் சொன்ன பொய்யை அந்த இடத்தில் போட்டு உடைத்திருக்கலாம். உடைத்தால் அவர் மகனைக் கூப்பிட்டுத் திருத்தம் வாசிப்பார். பரீட்சைத் தாள் திருத்திய கை. பலகை அடிக்க அவர் ஏறிய ஏணியை அவள் பிடித்துக்கொண்டாள்.

பிடித்ததோடு நிற்கவில்லை. உப்புத்தாள் தேய்த்தாள், வார்னிஷ் அடித்தாள். தேன் நிறத்தில் பலகைகள் ஒன்றோடொன்று இழைந்து உட்கார்ந்து, நடுநடுவே பதித்த சின்ன விளக்குகளும் எரிந்தபோது அழகாகத்தான் இருந்தது. தன் வாயிலிருந்தே ‘நல்லா வந்திருக்கு’ என்ற வார்த்தை விழுந்ததைக் கேட்டு அவளுக்கே கூசியது.

பிறந்தநாளன்று தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை. யோகென் தன் வேலை வண்டியை வீட்டு வாசலிலேயே நிறுத்தினான். பக்கவாட்டில் அவன் பெயரும், அதன் கீழே அவன் செய்யும் வேலையும் நீலத்தில் பெரிதாக எழுதப்பட்டிருந்தன. இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு பாட்டிலுமாக உள்ளே வந்தவன், அப்பாவைப் பார்ப்பதற்கு முன்னால் அண்ணாந்து பார்த்தான். பார்த்தது போதும் என்பது போலத் தலையைத் தாழ்த்திக்கொண்டு, போய்க் கைகுலுக்கி வாழ்த்துச் சொன்னான்.

எக்கேஹார்ட் ஒயின் கோப்பையும் கையுமாக உரையைத் தொடங்கியிருந்தார். அழகு என்பது சேர்ப்பதில் இல்லையாம், தேவையற்றதைக் கண்ணிலிருந்து அகற்றுவதில் இருக்கிறதாம். இதற்குக் கிரேக்கர்களும் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. ஓய்வுபெற்ற சக ஆசிரியர்கள் பசியோடு தலையசைத்தார்கள். பக்கத்து வீட்டு ஹேபர்லே அம்மாள் மட்டும், அப்படி உள்ளே என்னதான் இருக்கிறது என்று விடாமல் கேட்டாள்.

“ஒண்ணுமில்ல. பழைய குழாய்ங்க. எந்தக் காலத்துலயோ எவனோ வந்து போட்டுட்டுப் போனது.”

யோகென் இரண்டடி தள்ளி நின்று உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முள்கரண்டி நிற்கவில்லை. கெர்லிண்டே அவனருகே போய், இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டாள்.

“வர்றவங்களுக்கெல்லாம் காட்டுறாருன்னு சொன்னியேம்மா.”

“நீ வரணும்னுதான்டா அப்படி...”

“அவரு மேல எனக்குக் கோபமில்ல. அன்னைக்கும் இதேதான் சொன்னாரு, இன்னைக்கும் அதேதான் சொல்றாரு. பொய் சொன்னது நீ.” பலகைகளை அண்ணாந்து பார்த்துக் கேட்டான்: “வார்னிஷ் யாரு அடிச்சது? அவருக்கு இவ்வளவு பொறுமை கிடையாதே.”

அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். விரல் இடுக்கில் வார்னிஷ் இன்னும் ஒட்டியிருந்தது.

அப்போது எக்கேஹார்ட் வந்து மகனின் தோளைத் தட்டினார். எல்லோர் முன்னாலும் தோளைத் தட்டியதில் கெர்லிண்டேவுக்கு ஒரு கணம் நப்பாசைகூட வந்தது.

“மேயர் வர்ற நேரம். வண்டியக் கொஞ்சம் நகர்த்திடேன். வாசல்ல அத்தனை பெரிய எழுத்து எதுக்கு?”

“சரிப்பா,” என்றான் யோகென். தட்டைக் காலி செய்து, மேசையைக் கைத்துண்டால் துடைத்து வைத்துவிட்டுப் போனான். வண்டி கிளம்பியது. நிறுத்த வேறு இடம் தேடுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். சத்தம் சரிவில் இறங்கி, முனை திரும்பி, பெரிய சாலைக்குப் போய்ச் சேர்ந்து தேய்ந்தது. நகர்த்தச் சொன்னார் அப்பா. அவன் தன் ஊர் வரைக்கும் நகர்த்திக்கொண்டு போய்விட்டான்.

மேயர் வரவில்லை. அவருக்கு ஜலதோஷமாம். கூடையைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் துணை மேயர் வந்தார். இறங்கி நடக்கத் தேவையில்லாமல் காலி வாசலிலேயே காரை நிறுத்த முடிந்ததில் அவருக்குப் பரம திருப்தி. எக்கேஹார்டுக்கு முகம் கொஞ்சம் தொங்கியது. மூன்றாம் துணை என்றாலும் துணைதானே என்று தேற்றிக்கொண்டு, ஒரு காலத்துத் துணைத் தலைமையாசிரியர் அவரைப் பலகைகளுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினார். அவரும் முறைப்படி அண்ணாந்து பார்த்து, பிரமாதம் என்றார்.

“அதுக்குள்ள இருக்கிற குழாய் என் பையன் போட்டது,” என்றாள் கெர்லிண்டே. தட்டுச் சத்தமெல்லாம் அடங்கும்படி உரக்கவே சொன்னாள். “யோகென். அவனுக்கு அதுதான் தொழில். வீடுகளுக்குக் குழாய் போடுறான்.”

எக்கேஹார்ட் தொண்டையைச் செருமினார். ஹேபர்லே அம்மாள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“அப்படியா,” என்றார் மூன்றாம் துணை மேயர், மனதாரப் பாராட்டுகிறவரின் முகத்தோடு. “இருக்கறதே தெரியலையேம்மா.”

எல்லோரும் கைதட்டினார்கள். கெர்லிண்டே கேக் வெட்டக் கத்தியைத் தேடினாள்.