ஒண்ணேகால் அடி

பரிபூரணம் டீச்சர் வந்து கேட்டபோது நான் கொல்லையில் தொரட்டியை வைத்து முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றைந்தாம் வருஷம், பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்வந்த வெள்ளைச் சேலையோடு வீட்டுக்குள்கூடப் போகாமல் நேராகக் கொல்லைப் பக்கம் வந்து, அவர்கள் மனைக்கும் எங்கள் மனைக்கும் நடுவில் நட்டிருக்கும் எல்லைக்கல்லை ஒட்டி நின்றார். பட்டாளத்தில் சுபேதாராக இருக்கும் அவர் வீட்டுக்காரர் வருகிற மாதத்தோடு ஓய்வு பெற்று வருகிறாராம். அதற்கு முன்னால் வீட்டை எங்கள் பக்கமாக இழுத்து ஒரு அறை சேர்த்து, காங்கிரீட் போட்டுவிட வேண்டும் என்றார்.

"நம்பிக்கையான ஆளா ஒருத்தர் சொல்லுங்க அண்ணாச்சி. நீங்க அப்பம் ஆறு மாசம் அலைஞ்சு தேடுனியள்லா. உங்களுக்குத் தெரியாத ஆளா?"

பறித்த காய்களில் முற்றாததாகப் பத்து பொறுக்கி நீட்டினேன். எப்போதும் கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்று சொல்லி முந்தானையில் வாங்கிக்கொண்டார். அவர்கள் அந்த மனையை வாங்கி வந்த நாள்முதல், இருபது வருஷமாக, இந்த மரத்துக் காய் அவர்கள் வீட்டுக்குப் போகிறது. இருபது வருஷமாக அவரும் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறார். மரம் நிற்பதே அவர் மண்ணில்தான். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. எழுதும்போதே காது சுடுகிறது.

டீச்சர் சொன்ன அந்த ஆறு மாசம் எண்பத்தேழில் நடந்தது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எனக்குக் கணக்கர் வேலை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அப்பா கட்டிய ஓட்டு வீடு மழைக்கு நாலு இடத்தில் ஒழுகியது. சுவரைப் புதிதாக எடுத்துக் காங்கிரீட் போடலாம் என்று நானும் என் மனைவி ஆவுடையம்மாளும் முடிவு செய்தோம். வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவன், அதைக் கட்ட ஆள் தேடிப் பார் என்று சொல்லாமல் விட்டுவிட்டான். மில்லில் ஒருவர் சொன்ன காண்ட்ராக்டர், சிமெண்டு மூட்டையை இறக்கிய கையோடு பாதியைத் தன் சொந்த வீட்டுக்கு ஏற்றியவர் என்று இன்னொருவர் சொன்னார். வேறொருவர் கட்டிய மாடியைப் பார்க்கப் போனால், வீட்டுக்காரர் மரியாதையாகக் காபி கொடுத்தார். காபி டம்ளருக்குப் பக்கத்திலேயே ஒழுகல் பிடிக்க ஒரு வாளியும் இருந்தது. ஞாயிறுதோறும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அலைந்தேன். என்னை ஏமாற்றாத ஆள் வேண்டும், அது ஒன்றுதான் என் கவலை. யாரைக் கேட்டாலும் கடைசியில் ஒரே பெயரில் வந்து நின்றார்கள். சுந்தரபாண்டியம் சங்கையா கொத்தனார். அவர் நூல் பிடித்தால் நூல்தான் என்றார்கள்.

சங்கையா வந்தார். ஒடிசலான மனிதர், ஐம்பது வயதிருக்கும். நூல்கண்டை ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தார். வீட்டுக்குள் நடந்து பார்த்தவர் பின்கட்டு அறையில் நின்று, கட்டில் ஏன் சுவரோடு ஒட்டாமல் கிடக்கிறது என்று கேட்டார். தலைமாடு ஒட்டினால் கால்மாடு ஒட்டாது, அது அப்படித்தான் என்றேன். அவர் சுவரை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அப்புறம் தன்னுடைய வழக்கத்தைச் சொன்னார். அஸ்திவாரத்துக்குத் தோண்டும் பள்ளத்தை எங்கள் பக்கம் வானம் என்போம். வானம் தோண்டுவதற்கு முன்னால் அவர் பத்திரத்தைப் பார்ப்பார். பத்திரப்படி அளந்து எல்லையில் நூல் கட்டுவார். நூலின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை பக்கத்து வீட்டுக்காரர் கையில். அவர் இந்த முனையிலிருந்து ஒரு இழுப்பு இழுப்பார். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சம்மதம் என்றால் அவரும் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் மண்வெட்டி. முப்பது வருஷத்தில் அவர் கட்டிய எந்தச் சுவருக்கும் சண்டை வந்ததில்லையாம்.

இப்படிப்பட்ட ஆளைத்தானே தேடினேன். பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்துக் கொடுத்தபோதுதான் கொல்லைப் பக்கத்து எல்லைக்கல்லைத் திரும்பிப் பார்த்தேன். மறந்துபோயிருந்தேன் என்று சொன்னால் அது பொய். இருபத்தைந்து வருஷமாக அங்கேயே நிற்கிறது, கல்லே மறந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

தெருப் பக்கம் இருபத்துநாலு அடி, பத்திரத்தில் உள்ளபடியே இருந்தது. கொல்லைப் பக்கம் இருபத்தைந்தேகால் வந்தது. சங்கையா டேப்பைச் சுருட்டிவிட்டு மறுபடியும் அளந்தார். மறுபடியும் இருபத்தைந்தேகால். கல்லின் அடியில் கொஞ்சம் மண்ணைக் கிளறிப் பார்த்தார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அறுபத்திரண்டில் அப்பா இந்த வீட்டைக் கட்டியபோது பக்கத்து மனை சும்மா கிடந்தது. சொந்தக்காரர் கொழும்பில் இருந்தார். ஒரு மத்தியானம் கொல்லைக் கல்லைப் பிடுங்கி ஒண்ணேகால் அடி தள்ளி நட்டோம். நட்டார் என்று எழுத ஆசைதான். ஆனால் கல்லின் ஒரு முனை என் கையில் இருந்தது. எனக்கு அப்போது இருபது வயது, விவரம் தெரியாத வயதில்லை. அந்த ஒண்ணேகால் அடியில் என்ன கிடைத்துவிடப் போகிறது என்று அப்பாவுக்கும் தெரிந்திருக்காது. ஒரு முருங்கைப் போத்தை ஊன்றி வைத்தார், அவ்வளவுதான். ஆளில்லாத மனையில்தானே எடுத்தோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதின்மூன்று வருஷம் கழித்து அந்த மனைக்கு ஆள் வந்துவிட்டது. கல்லை நம்பி, அளந்துகூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

அன்றைக்கு டீச்சர் பள்ளிக்கூடம் போயிருந்தார். சங்கையா குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். சாயங்காலம் டீச்சர் வந்ததும் நூல் பிடிக்கலாம், நீங்கள் ஒண்ணேகால் அடி உள்ளே வாங்கிக்கொள்ளுங்கள், அறை ஒன்றும் குறைந்துவிடாது என்றார். டீச்சரைக் கூப்பிட வேண்டாம், பழைய சுவர் இருந்த கோட்டிலேயே எழுப்பிவிடுங்கள் என்றேன். ஊரில் யார் கேட்கப் போகிறார்கள் என்றும் சொன்னேன்.

"பழைய செவரு உங்க அப்பா கட்டுனது அண்ணாச்சி. புதுசு நான் கட்டப்போறதுல்லா. அதுக்கு நான்தான பதில் சொல்லணும்."

நான் பழைய சுவரையே காட்டினேன். அவர் நூலை டப்பாவுக்குள் சுற்றி வைத்தார். நாங்கள் வேலை பேசிக் கொடுத்த வெற்றிலை பாக்கு மடியில் அப்படியே இருந்தது. அதை எடுத்துக் கிணற்று மேடையில் வைத்தார்.

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். வாரேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார் என்று சேந்தப் போன ஆவுடையம்மாள் அன்றைக்குக் கிணற்றடியில் வழுக்கி விழுந்திருந்தாள். மணிக்கட்டில் சுளுக்கு. கட்டுப் போட்டிருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டு நாள் கழித்து இந்தச் சுளுக்கு எனக்குப் பயன்பட்டது.

காலையில் ராஜபாளையம் பஸ்ஸில் எங்கள் மில் சூப்பர்வைசர் சுயம்புலிங்கம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரும் வீடு கட்டச் சங்கையாவைத்தான் சொல்லி வைத்திருந்தார். என்ன, அவர் ஆரம்பிக்கும் முன்பே போய்விட்டாராமே, ஏதும் தகராறா என்று கேட்டார். நான் என்ன சொல்வது? அவரிடம் குறை என்று சொல்லலாம், ஆனால் என்ன குறை? வேலை சுத்தம். கை சுத்தம். அதுவும் ஊருக்கே தெரியும்.

"ஆளு யோக்கியம்தான். வேலையும் சுத்தம். கைராசிதான்…" என்று இழுத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவர் விடவில்லை. "அவரு வந்து டேப்பு வச்ச அன்னைக்கே வீட்டுல விழுந்து கையில கட்டு" என்றேன்.

இதில் பொய் என்று ஒரு எழுத்து கிடையாது. நான் கணக்கு எழுதுகிறவன், எதை விட்டால் எது எப்படித் தெரியும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். வேலை தெரியாத கொத்தனாருக்குக்கூட எங்கள் பக்கம் வேலை கிடைத்துவிடும். கைராசி இல்லாத கொத்தனாரை வானம் தோண்டக் கூப்பிட மாட்டார்கள்.

சுயம்புலிங்கம் வேறு ஆள் பார்த்துக்கொண்டார். தை மாதத்துக்குள் ராஜபாளையத்தில் மூன்று வீடு, எங்கள் ஊரில் இரண்டு வீடு சங்கையா கையை விட்டுப் போனது. கூமாப்பட்டியில் அவர் கல் வைத்த வீட்டில் உழவு மாடு செத்ததாக டீக்கடையில் ஒருவர் என்னிடமே வந்து சொன்னார். நான் போட்டது ஒரு வார்த்தை. ஊர் அதற்கு மாடு கன்று எல்லாம் சேர்த்துக்கொண்டது. அப்படியா என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்தேன். அப்போதாவது இல்லை என்று சொல்லியிருக்கலாம். சங்கையாவும் ஒரு வார்த்தையில் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். ஏன் வந்துவிட்டேன் தெரியுமா என்று ஆரம்பித்தால் போதும். அவர் ஆரம்பிக்கவில்லை.

கிருஷ்ணன்கோவில் பக்கம் காலேஜ் கட்டடத்தில் அவர் தினக்கூலிக்குச் செங்கல் வைத்துக்கொண்டிருந்ததை ஒரு தடவை மதுரைக்குப் போகும்போது பார்த்தேன். காலேஜுக்குக் கைராசி பார்க்க யார் இருக்கிறார்கள்? பஸ் நின்ற இடம் சாரத்துக்கு நேராக அமைந்துவிட்டது. செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி, பஸ் கிளம்பும்வரை குனிந்தே இருந்தேன்.

என் வீட்டைக் கட்டியவர் கண்ணுச்சாமி என்கிற காண்ட்ராக்டர். ஸ்கூட்டரில் வருவார். பத்திரம் வேண்டுமா என்று கேட்டதற்குச் சிரித்தார், பழைய கோடுதான் இருக்கிறதே என்றார். இரண்டே மாதத்தில் முடித்துவிட்டார். கட்டில் இன்றைக்கும் சுவரோடு ஒட்டவில்லை.

இப்போது கொல்லையில் டீச்சர் என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். சங்கையா என்று ஒருத்தர் பெயர் அடிபடுகிறது என்று அவரே பேச்சை எடுத்தார்.

"ஆளு யோக்கியமாம். ஆனா கைராசி இல்லைன்னு சொல்லுதாக. நாங்க அதெல்லாம் பாக்கிறதில்ல அண்ணாச்சி. அவரை நம்பலாமா, அதை மட்டும் சொல்லுங்க."

கண்ணுச்சாமியின் பெயர் என் நாக்கில் இருந்தது. அவரைச் சொன்னால் பழைய கோடு பழைய கோடாகவே இருந்துவிடும். சுபேதார் வந்து அளக்கப் போவதில்லை. நான் செத்த பிறகும் யாருக்கும் தெரியாது. அடுக்களை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆவுடையம்மாளின் சுளகுச் சத்தம் நின்றுவிட்டது. டீச்சர் முந்தானையில் அந்தப் பத்துக் காயும் கிடந்தன.

"நம்பலாம் டீச்சர். அவரை மாதிரி ஆளு கிடையாது" என்றேன்.

இதைத் தைரியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காய்களைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தரம் கைராசி என்ற அந்த வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்ன மறு நிமிஷமே, சங்கையாவுக்கு வயதாகிவிட்டது, பழைய வழக்கத்தையெல்லாம் விட்டிருப்பார் என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன். டீச்சர் போன பிறகு ஆவுடையம்மாள், "நூல் பிடிப்பாரே" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை காலையில் சங்கையா வந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. அதே தகர டப்பா. டீச்சர் வீட்டுப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருப் பக்கம் அளந்தார், இருபத்திரண்டு அடி சரியாக இருந்தது. கொல்லைக்கு வந்து, டீச்சர் மனையின் அந்தக் கோடியிலிருந்து டேப்பை இழுத்துக்கொண்டு வந்தார். டேப் எல்லைக்கல்லைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து, முருங்கை மூட்டில் நின்றது. அந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்தார். டீச்சர் கல்லையும் பார்த்தார், புள்ளியையும் பார்த்தார். டேப்பில் ஏதோ பிசகு என்று நினைத்திருக்க வேண்டும்.

"அண்ணாச்சி, பக்கத்து வீட்டுக்காரரு நீங்கதான். இந்த முனையைப் பிடிங்க. நான் ஒரு இழுப்பு இழுப்பேன், சம்மதம்னா நீங்களும் இழுங்க" என்றார் சங்கையா. குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நூலை என் கையில் கொடுத்துவிட்டு, கண்டை அவிழ்த்துக்கொண்டே இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சந்து வழியாகத் தெருப் பக்கத்து எல்லைக்கல்லுக்குப் போனார். வீடு மறைத்துக்கொண்டது. இனிமேல் அவர் என்னைப் பார்க்க முடியாது, நானும் அவரைப் பார்க்க முடியாது. முருங்கை மூட்டில் குத்தவைத்து நூலைப் புள்ளியின் மேல் அழுத்திப் பிடித்தேன்.

நூல் விறைத்தது. நேராகப் போக வேண்டியது, என் வீட்டுப் பின்மூலையில் முட்டி வளைந்து நின்றது.

"என்ன அண்ணாச்சி, நூலு வளையுது?" என்றார் டீச்சர். "கல்லு அங்கன இருக்கு, நீங்க இங்கன இருக்கீய?"

தெருப் பக்கத்திலிருந்து சங்கையாதான் பதில் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றவர் அவர். எட்டு வருஷமாகச் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. அடுக்களை வாசலில் ஆவுடையம்மாள் வந்து நிற்பது தெரிந்தது. டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நூல் ஆள்காட்டி விரலில் இறங்கி, நுனி வெளுத்துப்போயிருந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இழுப்பு வந்தது.