ஒன்பது நாள் தண்ணீர்

தன் கல்யாணத்தைவிட அந்த ஒன்பது நாளைத்தான் சகாயராணிக்கு அதிகம் பிடிக்கும். சொன்னால் சிரிப்பார்கள். 1994 சித்திரையில், தோல் பதனிடும் ஷாப்புக் கழிவு இறங்கி ஊர்க் கிணறெல்லாம் காவி நிறமாகி நாறியபோது, குழாய்த் தண்ணீர் கேட்டு அவள் புருஷன் அந்தோணிமுத்து யூனியன் ஆபீஸ் வாசலில் சாகும்வரை உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கூட உட்கார்ந்த மூன்று பேரும் நாலாம் நாளே எழுந்து போய்விட்டார்கள். மனுஷன் அசையவில்லை.

பந்தல்காரர் மைதீன் பிச்சை தானாக வந்து பந்தல் போட்டுக் கொடுத்தார். கோயில் பெண்கள் சாயங்காலம் கூடி ஜெபமாலை சொன்னார்கள். சகாயராணி விசிறியோடு அவர் பக்கத்திலேயே இருந்தாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் பக்கத்தில் அவ்வளவு நேரம் அவள் உட்கார்ந்ததே கிடையாது. வெட்கமாகக்கூட இருந்தது.

ஐந்தாம் நாள் அவர் உதடு வெடித்து, கண் உள்ளே போய்விட்டது. ஊருக்குத் தண்ணீர் வர என் தாலி போகணுமாக்கும் என்று அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து அவர் குடிக்கிற சொம்புத் தண்ணீரில் குளுக்கோஸ் மாவைக் கலந்து கொடுத்தாள். ஒன்பதாம் நாள் தாசில்தார் வந்து குழாய் போடுவதாக எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் குழாயும் வந்தது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அப்புறம் பதிமூன்று வருஷம் அந்தோணிமுத்து அந்த ஒன்பது நாளிலேயே வாழ்ந்தார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் அதே பேச்சுதான். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பட்டினிக் கதை சொல்கிற ஆளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா என்று அவள் கிண்டல் செய்வாள். உள்ளுக்குள் அவளுக்கும் பெருமைதான்.

2007-ல் குழாயில் வெறும் காற்றுதான் வந்தது. ஊர் இளவட்டங்கள் சார்பில் சார்லஸ் வந்து கூப்பிட்டான். "பெரியப்பா, நீங்க உக்காந்தாத்தான் நடக்கும்." அறுபத்து நாலு வயசுக்காரர் உடனே சலவை வேட்டியை எடுத்துவிட்டார்.

மறுபடியும் கலந்துவிடலாம் என்றால் அவருக்கு இப்போது சர்க்கரை நோய். கலந்தாலும் ஆபத்து, கலக்காவிட்டாலும் ஆபத்து. சகாயராணிக்குக் கை கால் ஓடவில்லை.

"ஏங்க, மாத்திரை போடுற ஒடம்பு. வேணாங்க."

"போடி. ஒம்பது நாள் வெறுந்தண்ணியில கெடந்தவன் நான். எனக்கு ஒண்ணும் ஆகாது."

இதற்கு மேல் மறைத்தால் ஆளே இருக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. "வெறுந்தண்ணி இல்லங்க. அஞ்சாம் நாள்லருந்து நான் குளுக்கோஸ் கலந்தேன்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கத்துவார், கையை ஓங்குவார் என்று அவள் காத்திருந்தாள்.

"தண்ணி இனிச்சுச்சு ராணி. ஆண்டவர்தான் குடுக்குறாருன்னு நெனச்சேன். இம்புட்டு வருசமா பூசையில அதுக்குத்தான் நன்றி சொல்லிட்டு வாரேன்."

வாசலில் சார்லஸ் குரல் கொடுத்தான். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒடம்புல சக்கரை வியாதின்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு வெளியே போனார்.

"ஏலே சார்லசு, நான் வரலப்பா. அன்னைக்கு நான் பட்டினி கெடக்கல. தண்ணியில குளுக்கோஸ் கலந்து குடிச்சேன்."

சார்லஸ் நம்பாமல் பார்த்தான். "பெரியம்மாவுக்குத் தெரியுமா?"

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நானாத்தான் குடிச்சேன்."

கதவுக்குப் பின்னால் நின்ற சகாயராணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.