அழைத்தும் வராத ரத்தக்குழாய்கள்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. மருத்துவமனையில் பக்கத்து நாற்காலியில் காத்திருந்த பெண் சொன்னது. முன்பின் தெரியாதவரிடம்தான் சிலவற்றைச் சொல்ல முடியும் போலிருக்கிறது.

"செல்கள் ஒன்றையொன்று கூப்பிடும் மொழியில்..."

வேண்டாம், இப்படித் தொடங்கினால் பாடப்புத்தக வாடை அடிக்கிறது. நேராகவே சொல்கிறேன். அவள் ஆராய்ச்சிக்காரி. அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், சர்க்கரை நோயாளி. இடதுகால் சுண்டுவிரலில் ஆறு மாதமாக ஆறாத புண்.

2

பிராணவாயு போதாமல் திணறும் சதை ஒரு புரதத்தை வெளியே அனுப்பும். அதை மோப்பம் பிடித்துப் புது ரத்தக்குழாய் கிளைவிட்டு வரும். (இதற்குமேல் விளக்கினால் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.) சர்க்கரை நோயில் அந்த அழைப்பு சரியாக எடுபடுவதில்லை. அதை எடுபடச் செய்யும் மூலக்கூறு ஒன்றை அவள் கண்டுபிடித்திருந்தாள். கண்டுபிடித்ததாக நம்பியிருந்தாள். ஆய்வகத் தட்டில் வளர்ந்த குழாய்களை போனில் அப்பாவிடம் காட்டினாள்.

"வேர் விட்ட மாதிரி இருக்கேம்மா!"

"ஆமாப்பா."

அவ்வளவுதான் பேச்சு. விரலை எடுக்கச் சொன்ன டாக்டரிடம், "பொண்ணு மருந்து கண்டுபிடிச்சிட்டா, கொஞ்சம் பொறுங்க" என்று அவர் சொல்லிவிட்டு வந்தது அவளுக்குத் தெரியாது.

3

அந்த மூலக்கூறைப் புதுக் குப்பியிலிருந்து எடுத்துச் சோதனையைத் திரும்பச் செய்தபோது ஒரு குழாய்கூட வளரவில்லை. நான்கு முறை செய்தும் அதே கதை. பழைய குப்பியில் வேறொரு புரதம் கலந்திருந்தது; தட்டில் குழாய்களை வளர்த்தது அதுதான். எல்லோருக்கும் தெரிந்த, இந்த மாதிரிப் புண்ணில் பலிக்காத புரதம். ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரையை அவளே திரும்பப் பெற்றாள். (இங்கே ஒரு கொடுமைக்காரப் பேராசிரியரை நுழைத்து எழுதிப் பார்த்து, அந்த வரிகளை அடித்துவிட்டேன். நிஜத்தில் அவர் டீ வாங்கிக் கொடுத்தாராம்.)

அதே வாரம் டாக்டர் போன் செய்தார். "புண்ணு எலும்பைத் தொட்டுடுச்சும்மா. உங்க மருந்துக்காகத்தான் காத்திருக்கேன்னு அப்பா சொல்றாரே?"

4

அப்பா காலை ஸ்டூலில் நீட்டிக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். அவள் துணியை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் காட்டுன படம் தப்பு. மருந்துன்னு எதுவும் இல்ல."

"இனிமே வருமா?"

"வரலாம். உங்க காலுக்கு வராது."

அவர் முகம் அப்போது...

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

"மூணு வருஷ வேலையாச்சே. அம்புட்டும் போச்சா?"

"போச்சுப்பா."

"சாப்பிட்டியா நீ?"

அங்கேதான் அவள் உடைந்துபோனாள். அவள் தலை தரைப்பக்கம் கவிழ்ந்துவிட்டதால் அதைத் தொட அவருக்குக் கை எட்டவில்லை, தோளைத் தட்டினார்.

"நீ எங்கம்மா மருந்துன்னு சொன்ன? வேருன்னுகூட நீ சொல்லல, நான்தான் சொன்னேன். வா, டாக்டரப் பாத்துடலாம்."

5

அவள் என்னிடம் இதைச் சொன்னபோது அவர் அறுவை அறைக்குள் இருந்தார். ஒரு விரலோடு நிற்குமா, பாதிப் பாதம் போகுமா என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியுமாம். நர்ஸ் கூப்பிட்டதும் எழுந்து ஓடினாள். அப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை. இரண்டு முடிவையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும், எழுதும் என் கை அவர்மேல் வலிக்கும்படி அழுத்தமாகப் பட்டது.

அதனால் அவரை அறுவை அறையிலிருந்து வெளியே கூட்டி வருவதை, வாசிக்கிற உங்களிடம் விடுகிறேன். மெதுவாகக் கூட்டி வாருங்கள். கால் எதிலும் இடித்துவிடக் கூடாது.