கழுதைப்புலியின் சிரிப்பு

அந்தக் கூண்டைக் கடக்கும்போதெல்லாம் ஆன்மேரி மூச்சை அடக்கிக்கொள்வாள். மூன்று வருடமாக அப்படித்தான்.

மிங்கலாடோன் பக்கம் இருந்த ஒரு தனியார் விலங்குப் பூங்காவில் ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்வது அவள் வேலை. பசுந்தாங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். ஒட்டகச்சிவிங்கியின் நாக்கு ஏன் கருநீலமாக இருக்கிறது, ஒரு வரிக்குதிரையின் வரி ஏன் இன்னொன்றின் வரியைப்போல் இருப்பதில்லை என்றெல்லாம் பர்மியத்தில் சொல்லிக் கூட்டத்தை நகர்த்துவாள். அதெல்லாம் அவளுக்குப் பிடித்த வேலை. கடைசியாக வரும் கழுதைப்புலிதான் பிடிக்காது.

முன்னங்கால் உயரம், பின்னங்கால் குட்டை. யாரோ பின்னாலிருந்து அமுக்கிப் பிடித்ததுபோல் முதுகு சரிந்திருக்கும். ஊறிய சாக்கைப் போன்ற உடம்பில் கறுப்புப் புள்ளிகள். வாலுக்கடியில் ஒரு பசை சுரக்கும். அதைக் கம்பியில் தேய்த்துவிட்டுப் போகும். அழுகிய சோப்பும் பழைய மீனும் கலந்த நாற்றம். வீட்டுக்குப் போய்க் குளித்தபிறகும் அது தலைமுடியில் இருப்பதாக அவளுக்குத் தோன்றும். பெண்ணுக்கும் ஆணுக்கிருப்பது போன்ற உறுப்பு தொங்கும். அதைச் சொல்லும்போது கொஞ்சம் கண்ணடித்துச் சொல்லச் சொன்னார் முதலாளி ஊ சான் டுன். அவளும் கண்ணடித்தாள். ஆண்கள் விசிலடித்தார்கள்.

அதற்கப்புறம் சிரிப்பு. ஒரு ஆள் இரும்புத்தடியால் கூண்டுக் கம்பியில் படபடவென்று அடிப்பான். கழுதைப்புலி மூலையில் ஒடுங்கி, கீச்சுக்குரலில் விட்டுவிட்டுக் கத்தும். "பாருங்கள், நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது!" என்பாள் ஆன்மேரி. கூட்டமும் திருப்பிச் சிரிக்கும்.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வரிக்குதிரை ஒன்று செத்தது. பின்கட்டில் அதன் வயிற்றைக் கீறிப் பார்த்தவர் நல்லையா. விலங்குகளுக்குத் தீனி வைப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். அவரிடம் மட்டும்தான் ஆன்மேரி அங்கே தமிழில் பேசுவாள். அவரும் எல்லோரையும்போல் அவளைச் சயாமா, அதாவது டீச்சர், என்றுதான் கூப்பிடுவார்.

"இங்கிட்டு வராதீங்க சயாமா. பாத்தா சாப்பிட முடியாது."

அவள் பார்த்துவிட்டாள். புல்லுச் சாற்றில் ஊறிய பிளாஸ்டிக் பைகள், தேங்காய்ப் பருமனில் ஒரே உருண்டையாக. நல்லையா அதைப் பிய்த்தபோது சிப்ஸ் பாக்கெட்டின் நிறம்கூட அழியாமல் இருந்தது. பார்க்க வந்தவர்கள் வேலிக்குள் வீசியவை.

"இதை எங்கே புதைக்கப் போறீங்க அண்ணே?"

"புதைக்கிறதா? தோலை உரிச்சுக் கொடுக்கச் சொல்லிட்டார் முதலாளி. கறியை ஞாயித்துக்கிழமை கழுதைப்புலிக்குப் போடணுமாம், கூட்டத்துக்கு முன்னாடி. வெளியே போர்டுகூட எழுதியாச்சு."

சனிக்கிழமை முழுக்க மின்சாரம் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளிர்ப்பெட்டியைத் திறந்த நல்லையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கறி பச்சையும் ஊதாவுமாக மாறியிருந்தது. இடுக்குகளில் ஈ முட்டை வெள்ளையாக ஒட்டியிருந்தது.

ஊ சான் டுன் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "ஆப்பிரிக்காவில் இது இதைத்தானே தின்கிறது? எலும்பை உடைக்கும் சத்தம் மைக்கில் கேட்க வேண்டும். சயாமா, நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்" என்றார்.

மூன்று மணிக்கு மழை விட்டிருந்தது. இருநூறு பேருக்குமேல் வந்திருந்தார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். சிலர் பொரித்த கோழியைத் தின்றுகொண்டே போனை உயர்த்திப் பிடித்தார்கள். வெற்றிலை மென்ற ஒருவன் துப்பிய சிவப்பு எச்சில் கூண்டின் ஓரத்தில் வழிந்தது. நல்லையா ஒரு முழுத் தொடையை உள்ளே தள்ளினார். அதில் ஒரு கையளவு வரித்தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்றம் அலையாக எழுந்து வந்தது. முன்வரிசை "ஐயே" என்று கத்திப் பின்வாங்கி, மறுபடி முன்னால் வந்தது.

"எலும்பையே நொறுக்கும் தாடை இதற்கு உண்டு" என்று ஆன்மேரி தொடங்கினாள். "எலும்பை நிறையத் தின்பதால் இதன் விட்டை சுண்ணாம்புபோல் வெளுத்திருக்கும்."

கழுதைப்புலி தொடையை நக்கியது. பிறகு வாயை அகலத் திறந்து கடித்தது. கடித்த வேகத்தில் கேவிக்கொண்டு விட்டுவிட்டது. தலையைச் சாய்த்து மறுபக்கப் பல்லால் முயன்றது. அதுவும் முடியவில்லை.

இரண்டு முழத் தூரத்தில் நின்ற ஆன்மேரிக்கு வாயின் உட்புறம் முழுவதும் தெரிந்தது. எலும்பு உடைக்கும் பெரிய பற்கள் இருக்கவேண்டிய இடத்தில் பழுப்பு முனைகள். ஈறு வீங்கிக் கறுத்திருந்தது. ஓரிடத்தில் சீழ் கசிந்து எச்சிலோடு நூலாகத் தொங்கியது. மூன்று வருடமாக இரவெல்லாம் கூண்டுக் கம்பியைக் கடித்து உடைந்த பற்கள். அதன் வாயிலிருந்து வந்த நாற்றம் கறியின் நாற்றத்தையும் மிஞ்சியது. இவ்வளவு நாள் எதைப் பசை நாற்றம் என்று நினைத்திருந்தாளோ, அதில் பாதி இதுதான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

"பேசுங்கள், ஏன் நிறுத்திவிட்டீர்கள்?" என்றார் ஊ சான் டுன். தடிக்காரனைப் பார்த்துத் தலையாட்டினார். "அடி. சிரிக்கவாவது சிரிக்கட்டும்."

தடி கம்பியில் விழுந்தது. கழுதைப்புலி பின்பாகத்தைச் சுவரோடு அழுத்தி, வாயில் ரத்தம் ஒழுக, கீச்சிட்டது. கூட்டம் கைதட்டிச் சிரித்தது. ஒரு ஆள் தன் மகனிடம் அதேபோல் கத்திக் காட்டினான். ஆன்மேரிக்கு அருவருப்பு வந்தது. அந்த மிருகத்தைப் பார்த்து அல்ல. பொரித்த கோழி ஒட்டிய உதடுகள், கைக்குட்டைக்கு மேல் தெரிந்த முதலாளியின் கண்கள், எல்லாவற்றையும்விடத் தன் வாய். அந்தச் சத்தம் உண்மையில் என்ன என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே புத்தகத்தில் படித்திருந்தாள். தெரிந்துகொண்டேதான் சொல்லியிருந்தாள்.

"இது சிரிப்பில்லை" என்றாள் மைக்கில். "பயந்தால் இப்படித்தான் கத்தும். இதன் பற்களெல்லாம் உடைந்து சீழ் பிடித்திருக்கிறது. வரிக்குதிரை செத்தது நீங்கள் வீசிய பிளாஸ்டிக்கைத் தின்றுதான். மூன்று வருடமாக இது சிரிக்கிறது என்று உங்களிடம் பொய் சொன்னது நான்."

ஊ சான் டுன் மைக்கின் ஒயரைப் பிடுங்கினார். ஆனால் போன்கள் பதிவு செய்துகொண்டிருந்தன. சிலர் முணுமுணுத்தபடி கலைந்தார்கள். ஒரு பெண் பிள்ளையின் கண்ணைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போனாள். பாதிப்பேர் அங்கேயே நின்று, அடுத்து என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆன்மேரி பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தாள். நல்லையா ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்தார்.

"வேலை போச்சே சயாமா."

"போகட்டும் அண்ணே. உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?"

அவர் தரையைப் பார்த்தார். "வாயிலே ரத்தம் வர்றது தெரியும். முதலாளிகிட்ட சொன்னேன். சோத்தைக் குழைச்சுப் போடுன்னார். போட்டேன்."

அவர்மீதும் அவளுக்கு அருவருப்பு வந்தது. ஆனாலும் தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.

அந்தக் காட்சி போன் போனாகச் சுற்றியது. பூங்கா இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. வெளியிலிருந்து ஒரு கால்நடை டாக்டர் வந்து, மயக்க ஊசி போட்டு, ஐந்து பல்லைப் பிடுங்கினார் என்று நல்லையா போனில் சொன்னார். இப்போது அரைத்த கறிதான். கிண்ணத்தைத் துடைத்ததுபோல் நக்கிவிடுகிறதாம்.

ஆன்மேரி லான்மடாவில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். கறிக்கடைப் பக்கம் போகமுடியாமல் சந்தையைச் சுற்றிக்கொண்டு போனாள்.

செப்டம்பரில் ஊ சான் டுன்னே கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை. "சயாமா, பழையதை விடுங்கள். இரண்டு சிங்கக்குட்டி வருகிறது. மடியில் வைத்துப் படம் எடுக்கலாம் என்று விளம்பரம் செய்யப்போகிறேன். இப்போது உங்களை எல்லாருக்கும் தெரியும். நீங்கள் பேசினால் நம்புவார்கள்."

"நகத்தை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாள்.

"எடுத்துவிடுவோம், வேறென்ன?" என்றார் அவர், சர்வசாதாரணமாக.

ஆன்மேரி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். அந்தக் குரல் சின்னதாகப் பேசிக்கொண்டே இருந்தது. அணைத்துவிட்டு, குட்டிகளைப் பற்றிச் சொல்ல அந்தக் கால்நடை டாக்டரின் எண் வேண்டும் என்று நல்லையாவுக்கு எழுதினாள்.