மூஞ்சூறின் இடது காது

உலகில் இதுவரை நடந்த போக்குவரத்துக் குற்றங்களிலேயே மிகப் பெரியது, ஒரு மூஞ்சூறின் முதுகில் ஒரு யானையை ஏற்றியதுதான். லிஃப்ட் மெக்கானிக் இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு எடை தாங்கும் என்று பலகை மாட்டுவதே அவர் பிழைப்பு. அப்படிப்பட்டவரின் வீட்டுக் கூடத்திலேயே அந்தக் குற்றம் களிமண்ணில் உருவாகிக்கொண்டிருந்தால் மனிதர் எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பார்?

குற்றவாளி அவர் மனைவி. வருஷா வருஷம் குடியிருப்புச் சங்கம் கடையில் பளபளவென்று ஒரு பிள்ளையாரை வாங்கிவந்து மொட்டைமாடியில் வைக்கும். இந்த முறை, "நானே செஞ்சு தரேன்" என்று அவள் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டாள். சங்கத் தலைவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "செய்யும்மா. ஆனா ஒரு கீறல், ஒரு உடைசல் இருந்தாலும் பூஜையில வைக்க முடியாது. அப்புறம் எப்பவும் கடைச் சிலைதான்." அன்றிலிருந்து அவள் கைவிரலில் மண் காயவே இல்லை.

மெக்கானிக் சோபாவில் சாய்ந்துகொண்டு விசாரணை நடத்துவார்.

"காது எதுக்கு இவ்ளோ பெருசு?"

"எல்லார் குறையையும் கேக்கணும்ல."

"வாயைக் காணோமே?"

"தும்பிக்கைக்கு அடியில இருக்கு. நிறைய கேக்கணும், கொஞ்சமா பேசணும். சில பேரைப் பாத்துத்தான் இன்னும் சின்னதாக்கினேன்."

உதவிக்கு வந்திருந்த மச்சான் சிரிப்பை அடக்க முடியாமல் மண் வாளிக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டான். மெக்கானிக் அசரவில்லை. அவருக்கு உண்மையான எரிச்சல் மூஞ்சூறின் மேல்தான். விழாவுக்கு வருகிற சனம் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, குனிந்து, மூஞ்சூறின் இடது காதில் தங்கள் வேண்டுதலைக் கிசுகிசுக்கும். வலது காதைக் கையால் பொத்திக்கொள்ளும்.

"மேனேஜர் முறம் மாதிரி ரெண்டு காதோட உக்காந்திருக்காரு. நீங்க போய் பியூன்கிட்ட மனு குடுக்கறீங்க. இதுல காதைப் பொத்தறது வேற!"

"பெரியவருக்கு ஆயிரம் வேலை. இவர் ஞாபகப்படுத்துவாரு. பொத்தலைன்னா ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்ருவாரு. உங்கள மாதிரி."

விழா அன்று காலை சிலையை மாடிக்குக் கொண்டுபோகவேண்டும். "நாலு பேரா படியில தூக்கிட்டுப் போயிடலாம் மாமா" என்றான் மச்சான்.

"லிஃப்ட் மெக்கானிக் வீட்டுச் சாமி படியில போறதா? ஊர் சிரிக்கும்டா."

சக்கரப் பலகையில் மூஞ்சூறும் அதன் முதுகில் யானைமுகனுமாக லிஃப்டுக்குள் நுழைந்தார்கள். எடையில் ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் மூஞ்சூறின் மூக்கு வாசலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கதவு வந்தது, மூக்கைக் கண்டது, மரியாதையாகத் திரும்பிப் போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது.

"மூஞ்சூறுக்கு இஷ்டமில்ல போல மாமா."

"நீங்கள்லாம் மேல போய் மாலையைப் பாருங்க. இது என் டிபார்ட்மென்ட்" என்று எல்லோரையும் படியில் விரட்டினார். மனைவி மட்டும் ஒவ்வொரு படியிலும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பலகையைக் கொஞ்சம் திருப்பினார். மூக்கு உள்ளே போயிற்று. இடது காது வெளியே வந்தது. அப்போதுதான், புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் "செத்தாலும் செய்யாதே" என்று தாமே சொல்லிக்கொடுக்கும் காரியத்தைச் செய்தார். கதவின் சென்சாரை அணைத்தார். இந்த முறை கதவு யாருக்கும் மரியாதை தரவில்லை. 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். காது தரையில் கிடந்தது, மூன்று துண்டாக.

மேலிருந்து மச்சானின் குரல் இறங்கிவந்தது. "மாமா! லிஃப்ட் என்னாச்சு?"

"டெஸ்டிங்டா, டெஸ்டிங்!"

அவளுடைய ஒரு மாத உழைப்பு அவர் உள்ளங்கையில் மூன்று துண்டாக இருந்தது. வீட்டுக்குள் ஓடினார், வாளியின் அடியில் ஒட்டியிருந்த ஈர மண்ணை வழித்துக்கொண்டு ஓடிவந்தார். நட்டு முடுக்கத் தெரிந்த கைக்குக் காது பிடிக்கத் தெரியவில்லை. முதலில் பிடித்தது ஸ்பானர் போல இருந்தது. இரண்டாவது காது போலத்தான் இருந்தது. என்ன, கொஞ்சம் யானைக் காது போல. அதற்குள் மேலே தாளச் சத்தம் தொடங்கிவிட்டது. கதவு மூடியதும் லிஃப்டுக்குள்ளேயே அதை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தார்.

தலைவர் சிலையைச் சுற்றிவந்தார், வாடகைக்கு விட்ட வீட்டைத் திரும்ப வாங்குகிற வீட்டுக்காரர் போல. தந்தம், தும்பிக்கை, வயிறு, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மூஞ்சூறிடம் வந்து நின்றுவிட்டார்.

"ஏம்மா, இந்தக் காது மட்டும் கொஞ்சம் பெருசா தெரியுதே?"

மனைவி அந்தக் காதைப் பார்த்தாள். பிறகு கணவரின் நகக்கண்ணில் இருந்த ஈர மண்ணைப் பார்த்தாள். மெக்கானிக் வானத்தில் ஏதோ பறவையைத் தேடினார்.

"வேணும்னுதான் சார்," என்றாள் அவள். "எல்லாரும் அந்தக் காதுலதானே சொல்றாங்க? நாலு பேர் குறையைக் கேட்டா காது வளரத்தானே செய்யும்?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடடா! கடைச் சிலையில இந்த அர்த்தம் கிடைக்குமா? அடுத்த வருஷமும் நீயேதாம்மா."

பூஜை முடிந்ததும் வரிசை கட்டினார்கள். அத்தனை பேருக்கும் அந்தப் பெரிய காதில்தான் சொல்லவேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் காது லேசாக ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மெக்கானிக் ஓரடி முன்னால் வந்தார். கடைசியில் மூஞ்சூறின் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார்.

"மெதுவா, மெதுவா. ஊதாதீங்க. அந்தப் பக்கக் காதைப் பொத்துங்க, இதைத் தொடாதீங்க. ஆளுக்கு ஒரு வேண்டுதல்!"

"எப்பலேர்ந்து பூசாரி ஆனீங்க மாமா?" என்றான் மச்சான்.

"கூட்டம் சமாளிக்கறதும் இன்ஜினியரிங்தான்டா."

மனைவி அவரைக் கடந்து போகும்போது நின்றாள். முந்தானை நுனியால் அவர் நகத்தைத் துடைத்துவிட்டு, "கை கழுவிட்டு சாப்பிட வாங்க" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

எல்லோரும் சாப்பிடக் கீழே இறங்கினார்கள். மாடியில் மெக்கானிக்கும், அவர் இத்தனை நாள் குறை சொன்ன யானைமுகனும் மூஞ்சூறும் மட்டும். அவர் செல்போன் விளக்கைப் போட்டுக் காதின் ஓரத்தைப் பார்த்தார். மயிரிழை போல ஒரு வெடிப்பு. விரலை நனைத்துத் தடவினார். படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை.

முட்டி போட்டு உட்கார்ந்தார். மூஞ்சூறின் வலது காதை உள்ளங்கையால் நன்றாகப் பொத்தினார். ஊதிவிடாமல், உதட்டை இடது காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முதலில் காதைப் பற்றிச் சொன்னார். பிறகு, வந்ததே வந்தோம் என்று, அவளைப் பற்றியும் சொன்னார். அது கொஞ்சம் நீளமாகவே போயிற்று.