என் பெயர் இல்லாத பட்டியல்

அந்த வாரத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

திங்கட்கிழமை புள்ளியியல் தேர்வு. செவ்வாய் பேஸ்பால் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம், எங்கள் அணி தோற்றது. புதன்கிழமை எங்கள் ஊர்த்தலைவர் வேட்பாளர்கள் இருவரும் கோயில் முற்றத்தில் மோதிக்கொண்டதை யாரோ கைபேசியில் நேரலையாக விட்டார்கள். வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். வியாழன் ஆறாவது ஆட்டம், கடைசி இன்னிங்ஸில் ஜெயித்தோம். கத்திக் கத்தி குரல் போய்விட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஏழாவது ஆட்டம். டிக்கெட் என் பையில் இருந்தது. கோப்பையா இல்லையா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் சனிக்கிழமை தேர்தல். எங்கள் நாட்டில் பெயர் பதிந்திருக்கும் ஊருக்கே போய் நின்றால்தான் ஓட்டு. தபால் கிபால் எல்லாம் கிடையாது. எனக்கு இருபது வயது, முதல் ஓட்டு. எங்கள் ஊர்ப்பக்கம், தாய்துங் போகும் ரயிலில் இடமே இல்லை. நின்றுகொண்டு போகும் சீட்டு மட்டும் கிடைத்தது, அதுவும் வெள்ளி மாலைக்கு.

தாய்பே விடுதியில் என் அறைத்தோழி ச்சீ-லின் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஊர்த்தலைவர் எலெக்‌ஷனுக்கா ஏழாவது மேட்ச விடுற? மொத்தமே ஐநூறு ஓட்டு கூட இருக்காதுடி."

"அதனாலதான் போறேன். ஐநூறுல ஒண்ணு பெருசு."

சூ என்பவன் ஜெயித்தால் எங்கள் ஊர்ப் பேஸ்பால் மைதானத்தைச் சுற்றுலாப் பேருந்துகள் நிறுத்தும் இடமாக்குவதாகச் சொல்லியே ஓட்டுக் கேட்டான். எதிர்த்து நின்றவர் கோச் லோ. ஆறு வருடம் அவருடைய அணிக்கு ஸ்கோர் எழுதியவள் நான். பந்து பிடிக்க வராது; புத்தகத்தைக் கையில் கொடுத்து பெஞ்சில் உட்கார வைத்தார். அந்த மண்ணில் பஸ் நிற்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

டிக்கெட்டை ச்சீ-லினுக்குக் கொடுத்துவிட்டு ரயில் கதவோரம் நான்கு மணி நேரம் நின்றேன். சுரங்கம் வரும்போதெல்லாம் கைபேசியில் ஆட்டம் அறுந்தது. வெளியே வந்து பார்த்தால் ஜெயித்துவிட்டிருந்தார்கள். நான் இல்லாமலே.

காலையில் வீட்டில் சோயாப்பால் குடித்துக்கொண்டே, "என் பூத் ஸ்லிப் எங்கப்பா?" என்று கேட்டேன்.

அப்பா பன்னைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "உன்னோடது இங்க வராது. மாமா வீட்டுக்கு வந்திருக்கும். சாப்பிட்டு வா, வண்டியில கொண்டுபோய் விடுறேன்."

பக்கத்து ஊரில் மாமாவும் தலைவருக்கு நின்றார். போன தடவை பத்து ஓட்டில் தோற்றவர். ஜூலையில் காப்பீட்டுக்கு என்று சொல்லி அப்பா என் அடையாள அட்டையையும் கையெழுத்துக்குப் பதில் வைக்கும் முத்திரையையும் வாங்கிக்கொண்டது அப்போதுதான் உறைத்தது. அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் மாமா வீட்டு விலாசம். நான்கு மாதமாக அதைத்தான் சுமந்து திரிந்திருக்கிறேன். ஒவ்வோர் அடியையும் பந்தையும் கட்டம் கட்டி எழுதத் தெரிந்தவளுக்கு அட்டையைத் திருப்பிப் பார்க்கத் தெரியவில்லை.

"இது ஜெயிலுக்குப் போற வேலைப்பா."

"ஊர்ல எல்லாரும் செய்றதுதான். சொந்தத் தாய்மாமனுக்கு ஒரு ஓட்டு போட்டா தேய்ஞ்சா போயிடுவ?"

"அது என் ஓட்டு. என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டா ஒத்துக்குவியா?"

தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தேன். மாமா ஊருக்குப் போகவில்லை. பொய் விலாசத்தில் ஓட்டுப் போட்டு என் முதல் ஓட்டை அசிங்கப்படுத்த மாட்டேன்.

நாலு மணிக்குப் பள்ளிக்கூட வகுப்பறையில் எண்ண ஆரம்பித்தார்கள். டீச்சர் ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டி வேட்பாளர் எண்ணைக் கத்த, இன்னொருவர் சுவரில் ஒட்டிய தாளில் ஐந்தைந்து கோடாகப் போட்டார். ஊரே வாசலில் நின்று பார்த்தது. அப்பாவும் வந்து என் பக்கத்திலேயே நின்றார், ஒன்றும் நடக்காததுபோல.

சூ இருநூற்றுப் பதினெட்டு. லோ இருநூற்றுப் பதினேழு.

ஒரே ஒரு கோடு. அது இருந்திருந்தால் சமமாகி, சீட்டுக் குலுக்கியிருப்பார்கள். பாதி வாய்ப்பாவது இருந்திருக்கும்.

அப்பாவின் கைபேசி அடித்தது. பேசிவிட்டுச் சிரித்தார். "மாமா அறுபத்தி நாலு ஓட்டுல ஜெயிச்சாச்சு. வா, விருந்து இருக்கு."

அறுபத்து நான்கு. என் ஓட்டு அவருக்குத் தேவைகூடப் படவில்லை.

கோச் லோ ஒவ்வொருவரிடமாகப் போய்த் தலை குனிந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். என் முன்னால் வந்து இன்னும் கொஞ்சம் தாழ்வாகக் குனிந்தார். "பெய்-ரோங், தாய்பேலருந்து நின்னுக்கிட்டே வந்தியாமே. உன் முதல் ஓட்ட வீணாக்கிட்டேன். மன்னிச்சுக்கம்மா."

அப்பா என் முழங்கையை அழுத்தினார். நான் கையை உதறினேன்.

"நான் போடவே இல்ல, கோச். எனக்கு இங்க ஓட்டு இல்ல. ஜூலையிலேயே அப்பா என் பேர மாமா ஊருக்கு மாத்திட்டாரு."

வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "வீட்டு விஷயத்த வீதியில பேசாத" என்றார்.

கோச் நிமிர்ந்து அப்பாவையே பார்த்தார். "நேத்துகூட என் கையப் புடிச்சு, வீட்ல மூணு ஓட்டும் உனக்குத்தான்னு சொன்னியேப்பா."

அப்பா போய் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு எனக்காக ஹாரன் அடித்தார். நான் போகவில்லை. மறுபடியும் அடித்தார்.