தேய்ந்த கொக்கி

அன்று அறையில் இருந்தவர்கள்: துப்பாக்கியின் சொந்தக்காரர் சேஷாத்ரி, அவர் மனைவி கிரிஜா, அந்தத் துப்பாக்கியால் இடது கண்ணை இழந்த தம்பித்துரை, நான்.

ஹனோவரில் நவம்பர் மாதத்து ஞாயிறு. மதியமே விளக்குப் போட வேண்டியிருந்தது. மேசையில் பழைய ஃபிலிம் டப்பா ஒன்று. உள்ளே இரண்டு சின்ன எஃகுத் துண்டுகள்: துப்பாக்கியின் சுத்தியலும், அதைப் பின்னால் இழுத்துப் பிடித்துவைக்கும் கொக்கியும். கொக்கியின் முனை தேய்ந்து மழுங்கியிருந்தது. பிடி நழுவினால், யாரும் விசையைத் தொடாமலே சுத்தியல் விழும், குண்டு பாயும்.

சேஷாத்ரிக்கு மென்பொருள் வேலை. ஞாயிறுதோறும் சுடும் சங்கத்துக்குப் போவார். ஒரு குண்டு போனதும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கி அவருடையது. போட்டிக்காக அதன் விசையை இலேசாக்கித் தரும்படி, துப்பாக்கி செப்பனிடும் பிராண்ட் என்பவரிடம் கொடுத்திருந்தார். சில மாதங்களிலேயே அது ஒரே இழுப்பில் இரண்டு முறை சுட்டது. இவ்வளவு சீக்கிரம் இப்படித் தேய்ந்து தான் பார்த்ததேயில்லை என்று சொல்லி, பிராண்ட் இரண்டு துண்டுகளையும் மாற்றினார். பழையவை டப்பாவில் வீட்டுக்கு வந்தன. புதியவையும் அதே போலத் தேய்ந்தன. போன மாதம் சேஷாத்ரி தோட்டா ஏற்றியபோது துப்பாக்கி தானாக வெடித்தது. குண்டு பக்கச் சுவரில் பட்டது. தெறித்த காங்கிரீட் துண்டு, பின்னால் வெற்றுத் தோட்டாக் கூடுகளைப் பெருக்கிக்கொண்டிருந்த சங்கத்துத் துப்புரவுப் பணியாளர் தம்பித்துரையின் கண்ணில் ஏறியது.

துப்பாக்கியைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. புதன்கிழமை விசாரணை. பிராண்டின் வேலையில் குற்றம் என்று முடிவானால் அவர் பட்டறையை மூட வேண்டியதுதான். இல்லையென்றால் பழி சேஷாத்ரியின் தலையில்.

நான் உலோகவியலைப் பாதியில் விட்டவன். எஃகைச் சூடேற்றிக் கடினப்படுத்தும் ஆலையில் இரவு வேலை பார்க்கிறேன். அங்கே நுண்ணோக்கி இருக்கிறது. அதனால்தான் சேஷாத்ரி என்னைக் கூப்பிட்டார். பார்த்ததைச் சொன்னேன். எஃகில் குறையில்லை, கடினம் சரியாக இருக்கிறது. ஆனால் முனை முழுவதும் மெல்லிய கீறல்கள், எல்லாம் சுத்தியல் அசையும் திசையில். ஏதோ நுண்ணிய பொடி எண்ணெயோடு சேர்ந்து உள்ளே அரைத்திருக்கிறது. ஒருவேளை பிராண்ட் விசையை இலேசாக்க மெருகேற்றிய பொடியைச் சரியாகக் கழுவாமல் விட்டிருக்கலாம்.

அந்த "ஒருவேளை" தப்பு. இரண்டாவது ஜோடிக்கு யாரும் மெருகு போடவில்லை, அதுவும் தேய்ந்தது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. சேஷாத்ரிக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. உடனே கணினியில் தட்டி ஒரு தாளை அச்செடுத்து வந்தார். தம்பித்துரையும் பிராண்டின் மேல் புகார் சொல்வதாக அதில் எழுதியிருந்தது. பேனாவை நீட்டினார்.

தம்பித்துரை ஒற்றைக் கண்ணால் தாளை வெகுநேரம் பார்த்தார். "அந்த மனிசன் ஆசுப்பத்திரிக்கு ஒவ்வொரு நாளும் வந்தவர் சேர். நீங்கள் ஒருக்கா வந்தனீங்கள், பழக்கூடையோட" என்றார்.

"வேலை இருந்தது."

"ஓம். எனக்கும் இருந்தது."

அப்போதுதான் கிரிஜா பேசினாள். அதுவரை சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"ஏன்னா, அந்தப் பொடி விபூதியா இருக்குமோ?"

அவள் என்னைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். முந்தின வருட ஆயுத பூஜைக்கு லேப்டாப், கார் சாவி எல்லாவற்றோடும் துப்பாக்கியையும் வைத்து விபூதி, சந்தனம் இட்டிருக்கிறார்கள். அது சேஷாத்ரியின் யோசனை. அதன் பிறகு, அந்தச் சனியன் வீட்டில் இருக்கும்வரை தூக்கம் வராது என்று தெரிந்து, வெள்ளிக்கிழமைதோறும் அவர் ஆபீஸ் போனதும் துப்பாக்கிப் பெட்டகத்தைத் திறந்து அவளே விபூதி பூசியிருக்கிறாள். யாரையும் கொல்லக் கூடாது என்று வேண்டிக்கொண்டு. ஊரிலிருந்து வந்த அசல் சாணச் சாம்பல். பெட்டகச் சாவி சாமி அலமாரியில், பிள்ளையாருக்குப் பின்னால் இருந்தது. வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான் என்று சேஷாத்ரியே வைத்தது.

"எங்கே பூசினீங்க?" என்று கேட்டேன்.

"குழாய் வாய்ல பூச பயமா இருந்தது. பின்பக்கம்தான், அந்தச் சுத்தி இருக்கற இடத்துல. இவருக்குத் தெரியக் கூடாதுன்னு அப்புறம் துணியால அழுத்தித் துடைச்சுடுவேன்."

துடைக்கவில்லை. உள்ளே திணித்திருக்கிறாள். சாம்பலால் பித்தளைப் பாத்திரம் தேய்த்தவர்களுக்கு அது என்ன செய்யும் என்று தெரியும். எனக்கும் தெரியும். ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு விபூதியை நினைக்கத்தான் தோன்றவில்லை.

சேஷாத்ரி அவளைத் திட்டவில்லை. ஆபீஸ் கூட்டத்தில் பேசுவது போல நிதானமாக எடுத்துச் சொன்னார். பெட்டகத்தை உரிமம் உள்ளவர் மட்டும்தான் திறக்கலாம், சட்டம் அப்படி. மனைவி கையில் சாவி இருந்தது என்று தெரிந்தால் உரிமம் போகும், வழக்கு வரும், விசாவும் ஆட்டம் காணும். அதனால் அவள் எதையும் திறக்கவில்லை. வசந்த் எதையும் கேட்கவில்லை. வசந்த் நான்தான்.

"அப்ப பிராண்ட்?" என்றாள்.

"அவனுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கும்."

"இவரோட கண்ணு?"

"கண் போனது போனதுதான். நீ சொன்னா வந்துடுமா?"

தம்பித்துரை பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தார். "நான் கையெழுத்து வைக்க ஏலாது" என்று எழுந்தார். எழும்போது நாற்காலி முனையில் இடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் இனி அவருக்கு எதுவும் தெரியாது.

கிரிஜா கோட்டை மாட்டிக்கொண்டாள். பிராண்டின் வீட்டுக்கு எந்த டிராம் நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று தம்பித்துரையிடம் கேட்டாள்.

"வேண்டாம் பிள்ளை. நல்லா யோசி."

"ஒரு வருஷமா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை யோசிச்சாச்சு."

நானும் அவர்களோடு போகலாம் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. என் பெயர் தாளில் இல்லை, இனி இருக்கவும் போவதில்லை, அது போதும் என்று பட்டது.

படிக்கட்டு இருட்டாக இருந்தது. அவள் தம்பித்துரையின் இடப்பக்கம் போய் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சேஷாத்ரி வாசல்வரை போனார். அவளைத் திரும்பக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர்கள் முதல் திருப்பத்தைத் தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு, கதவைச் சாத்தி, சாவியை இரண்டு முறை திருப்பினார்.